கடலைக் கீழே வரைந்தவர்

இத்ரீஸ் முதன்முதலில் தன் ஊரை எனக்கு வரைந்து காட்டியபோது கடலைத் தாளின் அடியில் போட்டார். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் நூலகத்து மொழிக்கஃபே, 2024 ஒக்டோபர், ஒரு வியாழக்கிழமை. நான் அந்தத் தாளைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினேன். "உங்கள் ஊருக்குக் கடல் வடக்கே இருக்கிறது. வரைபடத்தில் வடக்கு மேலே வரவேண்டும்" என்றேன். திரும்பிய தாளை அவர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

நான் கம்சாயினி. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் புவியியலும் வரலாறும் படிப்பிக்கிறேன். வியாழக்கிழமைகளில் அந்த மொழிக்கஃபேயில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களோடு நோர்வேஜிய மொழியில் கதைத்துப் பழக்குவேன். இத்ரீஸ் அப்படி வந்தவர்களில் ஒருவர். நாற்பத்தொரு வயது. லிபியாவின் கிழக்கே, மத்தியதரைக் கடலோரம் உள்ள டேர்னா என்ற நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி திருத்தியவர். 2023 செப்டெம்பரில் அந்த நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. அன்று இத்ரீஸ் உதிரிப்பாகம் வாங்க பெங்காசிக்குப் போயிருந்தார். ஆற்றோரத்து வீட்டில் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இல்லை.

ஒரு வாரம் கழித்து, அணைகளை ஏன் பராமரிக்கவில்லை என்று கேட்டுப் பள்ளிவாசலின் முன்னால் கூடிய சனத்தோடு அவரும் நின்றார். பிறகு ஆயுதத்தோடு சிலர் அவரைத் தேடத் தொடங்கினார்கள். அவர் புறப்பட்டு, பல நாடு கடந்து, இங்கே வந்து அடைக்கலம் கேட்டார்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவரிடம் எந்தப் பத்திரமும் இல்லை, வீட்டோடு போய்விட்டது. அவருடைய தாய் எகிப்துக்காரி. கிழக்கு லிபியாவில் பேசும் அரபும் எல்லைக்கு அப்பால் மேற்கு எகிப்தில் பேசும் அரபும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல. குரலைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்களால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. எகிப்தியர் ஒருவர் டேர்னாக்காரர் என்று பொய் சொல்கிறாரோ என்பது அதிகாரிகளின் சந்தேகம். முதல் நேர்காணலில் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது இத்ரீஸ், "அது இப்போது இல்லை" என்று மட்டும் சொன்னார். ஆறு கிழமை கழித்து இரண்டாவது நேர்காணல் வைத்தார்கள். அதில் ஊர் மட்டுமே கேள்வி. நம்பினால் வதிவிட அனுமதி. நம்பாவிட்டால் வெளியே.

ஆறு கிழமை. ஒரு நகரத்தின் புவியியலும் வரலாறும் படிப்பிக்க எனக்கு அது தாராளம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

டேர்னா எப்படி இயங்குகிறது என்று தேட ஆரம்பித்ததும் எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. கடலுக்குப் பின்னால் ஒரு பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. பச்சை மலை என்று பெயர். பாலைவன நாட்டில் மழை பெய்யும் அபூர்வ இடங்களில் ஒன்று. அங்கே ஐந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் விழும் மழையெல்லாம் ஒரே பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஒரே வாயால் கடலைச் சேர்கிறது. வருடத்தின் பெரும்பகுதி அந்த ஆறு காய்ந்து கிடக்கும். பெருவெள்ளம் வரும்போது மலையின் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வாயில் கொட்டும். ஆயிரக்கணக்கான வருடங்கள் கொட்டிக் கொட்டி அங்கே விசிறி போல ஒரு தட்டை நிலம் உண்டானது. நகரம் அந்த விசிறியின் மேல்தான் இருக்கிறது. அதாவது வெள்ளம் வந்திராவிட்டால் அந்த ஊருக்கு நிற்க நிலமே இருந்திராது. வாழையும் மாதுளையும் மல்லிகையும் அந்த மண்ணில்தான் விளைந்தன. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறித் தோட்டம் போட்டதும் அந்த மண்ணுக்காகத்தான். 1805இல் எகிப்திலிருந்து பாலைவனம் கடந்து வந்த அமெரிக்கர் நடத்திய ஒரு சிறிய கூலிப்படை ஊரைப் பிடித்தது. 1911இல் இத்தாலியர். 1941இலும் 1959இலும் வெள்ளம். எழுபதுகளில் வெள்ளத்தை மறிக்க இரண்டு அணைகள், மேலே பெரியது, கீழே சிறியது. மேல் அணை உடைந்தால் கீழ் அணையால் தாங்க முடியாது; ஏனென்றால் அதற்கு வந்து சேருவது மழைத் தண்ணீர் அல்ல, முழு ஏரி.

இவற்றையெல்லாம் எட்டுப் பக்கத்தில் எழுதி இத்ரீஸிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"பள்ளிவாசலுக்கு நாற்பத்திரண்டு குவிமாடமா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எண்ணியதில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், அது தெரியும்."

நான் சிரித்தேன். எண்ணிக்கையின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவரை அப்பாவிடம் அழைத்துப் போனேன். இதை விளக்க வேண்டும். என் அப்பா சிறீஸ்கந்தராசா 1988இல் நோர்வேக்கு அகதியாக வந்தவர். அவரிடமும் இப்படித்தான் ஊரைப் பற்றிக் கேட்டார்கள்: உங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? அப்பா, "தெரியாது, சைக்கிளில் போய்வரும் தூரம்" என்றார். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வடக்கே ஒரு மொத்தாக்கில், மொத்தாக் என்று நாங்கள் சொல்லும் அகதி முகாமில், பதினெட்டு மாதம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, தெரியாது என்ற அந்த ஒரு சொல்தான் காரணமாகப் பட்டது. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு வரவேற்பறை, அகதி விண்ணப்பத்துக்குத் தயார்படுத்தும் கேஸ் வகுப்பாக இருந்தது. புதிதாக வரும் பெடியன்கள் சோபாவில் வரிசையாக இருப்பார்கள். அப்பா கேட்பார்: பாலத்தின் பெயர் என்ன, எந்தத் திசை, எத்தனை கிலோமீற்றர், எந்த வருடம் கட்டினது? அவர்கள் கொப்பியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பலருக்கு அனுமதி கிடைத்தது. எல்லாம் தன் வகுப்பால்தான் என்று அப்பா நம்பினார். நானும் நம்பித்தான் வளர்ந்தேன்.

"வந்த மனிசனுக்கு முதல்ல தேத்தண்ணி குடுக்க விடுங்கோ," என்று அம்மா உதயகுமாரி தட்டோடு வந்தார். "நீங்கள் என்ன, பொலிசோ?"

"பொலிஸ் கேக்கிறதுக்கு முதல் நான் கேக்கிறது நல்லதெல்லோ."

"இவருக்கு முப்பது வருசமா இதுதான் வேலை, தம்பி. சம்பளம் மட்டும் ஒருத்தரும் குடுக்கேல்லை."

அம்மா சொன்னது இத்ரீஸுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். அப்பா அவரோடு தன் நோர்வேஜிய மொழியில் கதைத்தார். தபால் பிரிக்கும் நிலையத்தில் கற்ற மொழி. இலக்கணம் இல்லை, தயக்கமும் இல்லை.

"வீட்டிலிருந்து உன் கடைக்கு எப்படிப் போவாய்?"

இத்ரீஸ் கையை அசைத்துச் சொன்னார். "கீழே இறங்குவேன். குளிர்காற்றுத் தெரு வரும். பிறகு ஹமீதா வாழைப்பழம் விற்கிற மூலை. அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். துருவுக்குள் நாலாவது கடை என்னுடையது."

"துருவா?" என்று நான் கேட்டேன்.

அவர் விளக்கியது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. உப்புக் காற்று கடலிலிருந்து ஊருக்குள் குறிப்பிட்ட தூரம்தான் வரும். அந்தத் தூரத்துக்குள் உள்ள வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கக் குழாய்கள் நாலு வருடத்தில் அரித்துப்போகும். ஆனால் பள்ளத்தாக்கின் வாய்க்கு நேரே உள்ள ஒரு தெருவில் மட்டும் அப்படி ஆகாது. மலையிலிருந்து பள்ளத்தாக்கு வழியே இறங்கும் காற்று உப்பைத் திருப்பித் தள்ளிவிடும். அதுதான் குளிர்காற்றுத் தெரு. "ஒரு பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் போதும். எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று சொல்வேன்."

எவ்வளவு அழகான அறிவு அது. ஊர் முழுவதையும் அவர் துருவால் அறிந்து வைத்திருந்தார். என் எட்டுப் பக்கத்தில் அது இல்லை. உலகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பிள்ளை, உது சரிவராது. துருவையும் வாழைப்பழக்காரியையும் அவங்கள் எங்கை போய்ச் செக் பண்ணுறது? செக் பண்ண ஏலாததைச் சொல்லிப் பிரியோசனம் இல்லை. தெருப் பேர், தூரம், திசை. தெரியாது எண்டு மட்டும் வாயிலை வரக்கூடாது."

"ஓம் அப்பா," என்றேன்.

நான் யோசித்த விதம் இது: பதில் சரியா என்று பார்க்க அதிகாரிக்கு ஒரு மூலம் வேண்டும். மூலம் வரைபடமும் புத்தகமும். ஆகவே பதில் வரைபடத்தோடு பொருந்த வேண்டும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பரீட்சைக்கு மாணவரைத் தயார்படுத்துகிற எந்த ஆசிரியரும் இப்படித்தான் யோசிப்பார்.

செயற்கைக்கோள் படத்தை எடுத்தோம். அவருடைய வீடு இருந்த இடத்தையும் கடை இருந்த இடத்தையும் புள்ளியிட்டு அளந்தோம். வடகிழக்கே முந்நூற்றிருபது மீற்றர். குளிர்காற்றுத் தெருவுக்கு வரைபடத்தில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை; இப்போது பாடமாக்கினார். முதல் நாள் வரைந்த படத்தை என்னுடைய கோப்பில் வைத்திருந்தேன். அதில், பாடசாலைக் கொப்பி திருத்துவது போல, சிவப்பு மையால் குறித்தேன்: வடக்கு? அளவுகோல்? பெயர்கள்! அவர் அதைப் பார்த்து மறுபடி வரைந்தார். ஆறாவது தடவை வரைந்தபோது கடல் மேலே இருந்தது, மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. நான் சரி போட்டேன்.

வெள்ளத்தைப் பற்றி அவர் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினமாக இருக்கும் என்று பயந்தேன். அதுவோ இலகுவாக முடிந்தது. "மேல் அணையின் கொள்ளளவு இருபத்திரண்டரை மில்லியன் கன மீற்றர்," என்று அவர் நடுங்காமல் சொன்னார்.

"கஷ்டமாக இல்லையா?"

"இல்லை. இலக்கம் சொன்னால் தொண்டை அடைக்காது."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

நேர்காணல் நவம்பர் கடைசியில் நடந்தது. ஜனவரியில் முடிவு வந்தது: நிராகரிப்பு. அவருடைய வழக்கறிஞர் மயூரா. என்னோடு ரொம்சோஸ் பாடசாலையில் ஒன்றாகப் படித்தவள். இத்ரீஸின் சம்மதத்தோடு நேர்காணல் பதிவை எனக்கு வாசிக்கத் தந்தாள். அவளுடைய அலுவலகத்தில் மேலங்கியைக் கழற்றாமலே வாசித்தேன்.

பதிவில் இப்படி இருந்தது. வீட்டிலிருந்து கடைக்கு எப்படிப் போவீர்கள்? வடகிழக்கே முந்நூற்றிருபது மீற்றர். போகும் வழியில் என்ன இருக்கும்? தெருக்களின் பெயர்கள், நான்கு, வரிசையாக. அந்தத் தெருவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். நகரத்தின் பழைய பள்ளிவாசலுக்கு நாற்பத்திரண்டு குவிமாடங்கள். ஊரை வரைந்து காட்ட முடியுமா? விண்ணப்பதாரர் வரைந்தார், இணைப்பைப் பார்க்கவும்.

அடுத்த பக்கத்தில் வெள்ளம். அணைகளின் வயது, உயரம், கொள்ளளவு, உடைந்த ஒழுங்கு. அதற்குக் கீழே அதிகாரியின் கேள்வி: "நான் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டேன்." பதில்: "எங்கள் வீடு ஆற்றுவாயிலிருந்து தொள்ளாயிரம் மீற்றர் தெற்கே."

அந்த வசனம் என்னுடையது. தூரம் அளந்த பிறகு ஏழாம் பக்கத்தில் நான் சேர்த்தது.

முடிவுக் கடிதம் நியாயமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்தபோதுதான் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது. சரியான பதிலை அவர்கள் தேடுவதில்லை. சரியான பதில் யாருக்கும் கிடைக்கும், கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஓர் ஊரில் வாழ்ந்தவர் தேதிகளை அறியமாட்டார், தூரத்தை நிமிடத்தில் சொல்வார், பல கேள்விகளுக்குத் தெரியாது என்பார், கேட்காத ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதைத்தான் தேடுகிறார்கள். இத்ரீஸ் எழுபத்தொரு கேள்விகளில் ஒன்றுக்குக்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. வரைபடத்தைப் பற்றித் தனியாக ஒரு பந்தி இருந்தது: சொந்த ஊரை நினைவிலிருந்து வரைபவர் வடக்கு அம்புக்குறி போடுவது வழக்கமல்ல. தரவுகள் பொது மூலங்களிலிருந்து மனனம் செய்யப்பட்டவை. தானே வாழ்ந்து அறிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

"ஆர் இவருக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று மயூரா கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கம்சா. உன்ர அப்பாவின்ர கொப்பியோ?" என்றாள்.

மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். புதிதாகத் துருவைப் பற்றியும் வாழைப்பழம் விற்ற ஹமீதாவைப் பற்றியும் எழுதினால், நிராகரித்த பிறகு கண்டுபிடித்த கதை என்பார்கள். நேர்காணலுக்கு முன்பே இருந்த சாட்சி ஏதாவது வேண்டும். அன்றைக்கு வீட்டில் கோப்பைத் திறந்தேன். முதல் வியாழக்கிழமைப் படம் அங்கே இருந்தது. கடல் கீழே. மலை மேலே. ஏனென்றால் மனிதர்கள் கடலுக்கு இறங்குகிறார்கள், மலைக்கு ஏறுகிறார்கள். அந்த ஊரில் பிறந்த காலுக்கு வடக்கு என்பது கீழே. ஆற்றுக்குக் குறுக்கே அலையலையாகக் கோடுகள்: காற்று. கடலோரத்தில் புள்ளி புள்ளியாக நிழல். துரு அது என்று இப்போது தெரிந்தது. ஒரு மூலையில் சிறிய பெண் உருவம், தலையில் வாழைக்குலை. எந்தத் தெருவுக்கும் பெயர் இல்லை.

அந்தப் படம் முழுவதும் என் சிவப்பு மை. வடக்கு? அளவுகோல்? பெயர்கள்!

மறுநாள் மயூரா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இது பெவீஸ்தான், சாட்சி எண்டு இவங்கள் சொல்லுறது. ஆனா ஆருக்கு எதிரான சாட்சி எண்டதுதான் பிரச்சினை. படத்திலை திகதி இல்லை. உன்ர கையெழுத்து இருக்கு. ஒரு ரீச்சர் திருத்தின படம்."

"நான் கடிதம் எழுதுறன். நடந்ததை நடந்தபடி. என்ர பேர், பாடசாலை, எல்லாம்."

"எழுதினா, அவருக்கு ஆக்கள் சொல்லிக் குடுத்தது எண்டு நாங்களே ஒப்புக்கொள்ளுறம். எழுதாட்டி எங்களிட்டை ஒண்டும் இல்லை."

இத்ரீஸிடம் கேட்டோம். அவர் தன் பழைய படத்தை, முதல் நாள் நான் திருப்பிக் காட்டியபோது பார்த்தது போலவே பார்த்தார். "அனுப்புங்கள்," என்றார். "அதில் ஹமீதா இருக்கிறாள்."

நான் ஐந்து பக்கம் எழுதினேன். எதற்காகத் தாளைத் திருப்பினேன் என்பதிலிருந்து தொடங்கினேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "அப்ப, எண்பத்தெட்டிலை நான் சைக்கிள் எண்டு சொன்னது...?" என்று தொடங்கினார். அம்மா அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அப்பா எழுந்து போய் அலுமாரியிலிருந்து அந்தப் பழைய வகுப்புக் கொப்பிகளை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழும்பவில்லை.

மேன்முறையீட்டின் முடிவு மே மாதம் வந்தது. என் ஐந்து பக்கத்துக்கு மூன்று வரி பதில். படம் வரையப்பட்ட திகதியை உறுதிசெய்ய முடியவில்லை. அதிலுள்ள திருத்தங்கள், விண்ணப்பதாரருக்கு நகரத்தைப் பற்றிய தகவல்கள் இன்னொருவரால் கற்பிக்கப்பட்டன என்பதைக் காட்டுகின்றன. சாட்சியின் கடிதமும் அதையே உறுதிப்படுத்துகிறது.

ஜூனில் பொலிஸார் அவரை விமானநிலையத்துக்கு அருகே உள்ள தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எகிப்துக்கு அனுப்புவதுதான் திட்டம். எகிப்தியத் தூதரகம் அப்படி ஒருவர் தங்கள் பதிவில் இல்லை என்றது. லிபியத் தரப்பிலிருந்து பதிலே வரவில்லை; பதிவேடுகளும் தண்ணீரில் போயிருக்கலாம். ஆகவே அவரை அனுப்பவும் முடியவில்லை, விடவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பார்க்கப் போனேன். சுவரோடு பொருத்திய மேசை, இரண்டு கதிரை, கதவருகே ஒரு காவலர். இத்ரீஸ் மெலிந்திருந்தார். நான் எதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. காவலரிடம் தாளும் பென்சிலும் கேட்டு வாங்கினார்.

"மகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது," என்றார். நேர்காணலில் கேட்டதற்கு அவர் சொல்லாத பதில் அது. என்னிடமும் அதுவரை சொன்னதில்லை. "கடையில் ஒரு பெட்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தைத் தடவுவாள். எந்தத் தெரு என்று சொல்வாள். பெரும்பாலும் பிழையாகத்தான் சொல்வாள். ஒருமுறை சரியாகச் சொன்னாள். அந்த வீட்டை உங்களுக்குக் காட்டுகிறேன்."

பென்சிலைத் தாளில் வைத்தார். ஒரு நீண்ட கோடு இழுத்தார், தாளின் மேல் விளிம்போடு. கடல். அதைப் பார்த்ததும் நிறுத்தினார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது கடல் கீழே இருந்தது. ஆற்றைப் போடக் கையை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. மறுபடியும் திருப்பினார். ஆறு, பாலம், நான்கு தெருக்கள், நான் அளந்த அளவில், மளமளவென்று வந்தன. ஹமீதாவின் மூலை எங்கே வரவேண்டும் என்று பென்சில் நுனி தெருக்களின் மேலே தேடியது.

"இதில் இல்லை," என்றார்.

"ஆறுதலாக யோசியுங்கள்."

"யோசித்தால் உங்கள் படம்தான் வருகிறது."

நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுந்து அவர் பக்கம் போனேன். அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் ஏதாவது உதவலாம் என்ற நினைப்பு, எப்போதும் போல. காவலர் என்னை உட்காரச் சொன்னார். இத்ரீஸ் தாளின் வலது மூலையில், பார்க்காமலே, ஒரு சின்ன அம்புக்குறி போட்டார். பிறகுதான் அது என்ன என்று பார்த்தார். பென்சிலை மேசையில் வைத்தார்.

நேரம் முடிந்தது என்றார் காவலர். பென்சிலை எடுத்துக்கொண்டார். தாளை இத்ரீஸே வைத்திருக்கலாம் என்றார்.